முதலில் ஓ.பி., பிறகு தலைப்பு



பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, உங்களில் பலர் தோல் நோய் ஆராய்ச்சிக்குள் காலெடுத்து வைக்கிறீர்கள். இன்னும் சில ஆண்டுகளில் நீங்களே கைடாக, அதாவது ஆய்வு வழிகாட்டியாக, உட்காருவீர்கள். இரண்டு நிலைக்கும் பொதுவான ஒரு விஷயத்தை மட்டும் பேச வந்திருக்கிறேன். ஆய்வுக்கான கேள்வி எங்கிருந்து வர வேண்டும்?

எம்.டி. சேர்ந்த சில மாதங்களிலேயே தீசிஸ் தலைப்பைக் கொடுத்தாக வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி கூடும் தேதி நெருங்கிவிடும். மாணவர் நூலகத்தில் பழைய தீசிஸ்களைப் புரட்டுவார். கைடு ஒரு தலைப்பைச் சொல்வார். ஓ.பி.யில், அதாவது புறநோயாளிகள் பிரிவில், வரிசையில் நிற்கும் நோயாளிக்கு அதில் எந்தப் பங்கும் இருக்காது. இந்த வழக்கம் மாற வேண்டும். மாற்ற முடியும் என்பதற்கு நம் மாவட்டங்களிலேயே முன்னுதாரணம் இருக்கிறது.

1947இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அழைத்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் மருத்துவத்தில் அன்றைக்குப் பெரிய பெயர். விரல்கள் மடங்கிப்போன நோயாளிகளைப் பார்த்த பிராண்ட், இந்தக் கைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். காக்ரேன் தோலும் மருந்தும் அறிந்தவர். இத்தனை பேர் ஊனப்படுகிறார்கள், எலும்பு மருத்துவர் ஒருவர்கூட இதுவரை அக்கறை காட்டவில்லையே என்று கேள்வியைப் பிராண்டிடமே திருப்பிவிட்டார்.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். வலுவில்லாத பிடியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். நகங்கள் பதிய, வலி தாங்காமல் விடச் சொல்லும் அளவுக்கு இருந்தது பிடி. அழுகிப்போன கை என்று ஊரே நம்பிய கையில் நல்ல தசைகள் இருந்தன. சில நரம்புகள் செயலிழந்திருந்தாலும் முன்கையின் வலுவான தசைகள் பிழைத்திருந்தன. அப்படியானால் அவற்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யவைக்க முடியுமே! வேலூரில் பின்னால் நடந்த கை அறுவை சிகிச்சைகளுக்கெல்லாம் தொடக்கம் அந்த ஒரு பிடிதான்.

காக்ரேன் தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. தன் துறைக்கு வெளியே இருந்த ஒருவரை நோயாளிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார், தனக்கு விடை தெரியாத கேள்வியை மறைக்காமல் அவர் கையில் கொடுத்தார். வழிகாட்டுதல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதோடு நோயாளிகள் பாடம் நடத்துவது நிற்கவில்லை. விரல்கள் நிமிர்ந்து வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, இந்தக் கைக்கு முன்புபோலப் பிச்சை விழவில்லை என்று சொன்னதைப் பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். அறுவை மருத்துவரின் அளவுகோலில் அது முழு வெற்றி. நோயாளிக்கோ அன்றாடச் சோறு போயிற்று. அந்தக் குறையைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் வேலூரில் நவஜீவ நிலையம் வந்தது, தச்சு வேலையும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கூடவே இருந்து கவனித்ததில்தான், புண்களும் விரல் இழப்பும் பெரும்பாலும் உணர்ச்சியில்லாத கையில் படும் காயத்தால் வருகின்றன என்பது உறுதியாயிற்று. தூங்கும்போது எலி கடித்தது தெரியாமல் விரல் போனவர்களும் இருந்தார்கள். அதற்கு மருந்து, வீட்டுக்குப் போகும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பியது.

மேரி வர்கீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி.எம்.சி.யின் இளம் மருத்துவரான அவர், 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாமே என்று வழிகாட்டியவர் பிராண்ட். சக்கர நாற்காலியிலிருந்தே மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையையே கட்டியெழுப்பினார். ஒரு மாணவரிடம் மிச்சமிருக்கும் வலுவைக் கண்டுபிடிப்பதும் கைடின் வேலை என்பேன்.

இப்போது நாம் நோயின் தீவிரத்தை அளக்கும் அளவுகோல்களுக்கு வருகிறேன். சோரியாசிஸுக்கு நாம் போடும் 'பாசி' மதிப்பெண் 1978இல் வந்தது. சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு எல்லாம் அதில் உண்டு. அரிப்பு கிடையாது. ராத்திரி தூக்கம் போகிறதே என்று நோயாளி சொல்வதை எழுத அதில் கட்டமே இல்லை. 1994இல் கார்டிஃபில் ஃபின்லேயும் கானும் 120 நோயாளிகளிடம் உங்கள் வாழ்க்கையை இந்த நோய் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். அந்தப் பதில்களிலிருந்து பத்துக் கேள்விகள் பிறந்தன, அதுதான் டி.எல்.க்யூ.ஐ. 2004இல் நாட்டிங்காமிலிருந்து வந்த 'போயம்' அளவுகோல் எக்ஸிமாவுக்கானது. அரிப்பும் தூக்கமும் எத்தனை நாள் தொல்லை தந்தன என்று நோயாளியையே கேட்கிறது. அதை வைத்து 483 பிள்ளைகளிடம் நடந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, குளிக்கும் தண்ணீரில் ஊற்றும் எண்ணெய்ப் பொருளால் கூடுதல் பலன் தென்படவில்லை என்று 2018இல் காட்டியது. பெற்றோர் குளியலில் ஊற்றிக்கொண்டிருந்த ஒன்றைப் பற்றிய விடை அது.

நம் ஓ.பி.க்கு வாருங்கள். தொழுநோய் மாத்திரை அட்டையில் குளோஃபாசிமின் மட்டும் பிரிக்கப்படாமல் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். கேஸ் ஷீட்டில் 'ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று எழுதிவிடலாம். அட்டையைக் கொண்டுவந்த பெண்ணை அருகில் உட்காரவைத்துக் கேட்டால் அவர் சொல்வார்: "முகம் கறுத்துப் போச்சுங்க டாக்டர், பக்கத்து வீட்டுல என்னன்னு கேக்குறாங்க." மருந்து தோலைக் கறுக்க வைக்கும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அவருக்கோ அது, நோய் ஊருக்குத் தெரிந்துபோகும் பயம். அந்தப் பயத்தை எப்படிக் குறைப்பது என்பது நல்ல தீசிஸ் தலைப்பு. உலகில் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகம். கேள்விக்குப் பஞ்சமில்லை.

நோயாளியின் சம்மதம் என்ற இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த ஆர்மவர் ஹான்சன், 1879இல் நார்வேயின் பெர்கனில் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரிடம் சம்மதம் கேட்காமலேயே, நோய்த் திசுவிலிருந்து எடுத்ததைச் செலுத்தினார். வழக்கு நீதிமன்றம் போனது. அடுத்த ஆண்டு ஹான்சன் அந்த மருத்துவமனைப் பதவியை இழந்தார். மாபெரும் கண்டுபிடிப்பும் அவரைக் காப்பாற்றவில்லை, அது சரியான தீர்ப்பு. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். புதிதாக வரும் மாணவரை முதல் மாதம் ஓ.பி.யில் நோயாளிகளின் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவரச் சொல்லுங்கள். தலைப்பை அதற்குப் பிறகு பேசலாம். மாணவர்களே, கைடைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், அவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுவதற்கு முன்னால் அவர் ஓ.பி.யில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். ஆய்வு முடிந்ததும் அதில் கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் முடிவைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ரிவ்யூவுக்கு வரும்போது வாசித்துக் காட்டுங்கள்.