கரை எங்கே முடிகிறது?

(வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அவையில் பத்தாண்டுகளாகக் கவிதை கேட்டும், அவ்வப்போது வாசித்தும் வந்திருக்கிறேன். இன்று வரைபடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் நம் செயலாளர் புன்னகை செய்தார். முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்தவனுக்குப் பழக்கம் விடவில்லை என்று எண்ணியிருப்பார். அதுவும் உண்மைதான். ஆயினும் நான் வந்த காரணம் வேறு. 2015 வெள்ளத்துக்குப் பின், நம் வட்டத்தின் தொடக்கக் கூட்டங்களில் ஒன்றில் ஒரு கவிதை வாசித்தேன். அதை இன்று உங்கள் முன்னிலையில் திரும்பப் பெற விரும்புகிறேன். அப்படிச் செய்யவைத்தது ஒரு பழைய வரைபடத்தாள். அந்தக் கதையைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

தாளின் எண் 66 டி/1. இந்திய நில அளவைத் துறையினர் நாடு விடுதலை பெறுமுன் அச்சிட்டது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்பது அதன் அளவு. மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில், துணி ஒட்டி மடித்த நிலையில் வாங்கினேன். தெற்கே 12 பாகை 45 கலையில் தொடங்கி வடக்கே 13 பாகையில் முடிகிறது. ஏறத்தாழ 17 அங்குலச் சதுரத்துக்குள் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் அடக்கம். பணி ஓய்வுக்குப் பின் அதை எடுத்துப் பிரித்தபோது மடிப்புகளில் மை உதிர்ந்திருந்தது. நம் பகுதியின் ஏரிகளை அதிலிருந்து கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

என் தங்கை மகள் இத்துறையில் பணியாற்றுகிறாள். அவளிடம் கேட்டபோது, சுட்டியால் தொட்டுத்தொட்டுச் செய்யும் எளிய வழிகளும் உண்டு, கட்டளைகளை எழுத்தாகத் தட்டச்சு செய்யும் வழியும் உண்டு என்றாள். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். தொட்டுச் செய்த வேலை மறுநாள் நினைவிலிருப்பதில்லை. எழுதிய கட்டளை நோட்டுப்புத்தகத்தில் நிற்கும். செய்த பிழையும் அதோடு நிற்கும். ஆசிரியர் தொழிலில் இருந்தவனுக்கு அது பிடித்திருந்தது.

அவள் கற்பித்த மென்பொருளுக்குக் கிராஸ் என்று பெயர். அமெரிக்கப் படைத்துறையின் கட்டுமான ஆய்வுக்கூடம் ஒன்றில் 1982-இல் அதன் உருவாக்கம் தொடங்கியது. படையினரின் பயிற்சி நிலங்களைப் பராமரிப்பது அன்றைய நோக்கம். 1999 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்ற பொது உரிமத்தின்கீழ் அது வழங்கிவருகிறது. அதற்குத் துணையாக நிற்பது ஜிடால் என்னும் கருவித்தொகுதி. ஃபிராங்க் வார்மர்டாம் என்பவர் 1998-இல் தொடங்கியது.

முதல் வேலை, தாளை ஸ்கேன் செய்வது. கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் கடையில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் படமெடுத்துக் கொடுத்தார்கள். ஓர் அங்குலம் ஒரு மைல் என்றால், படத்தின் ஒரு புள்ளி தரையில் 5 மீட்டருக்குச் சற்றே மிகுதி. தாளில் 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 19 மீட்டர் அகலம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

படம் கணினிக்குள் வந்துவிட்டது என்பதால் அது வரைபடம் ஆகிவிடவில்லை. கணினிக்கு அது வெறும் புகைப்படம். தாளின் எந்தப் புள்ளி உலகின் எந்த இடம் என்று நாம் சொல்லவேண்டும். தாளில் 5 கலைக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் 16 இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள்: படத்தில் எத்தனையாவது பத்தி, எத்தனையாவது வரிசை, அதன் தீர்க்கம், அதன் அட்சம். ஜிடால் டிரான்ஸ்லேட் என்ற கட்டளையில் 16 புள்ளிகளையும் எழுதினேன். ஜிடால் வார்ப் என்ற கட்டளை படத்தை இழுத்துப் பொருத்தியது. பொருத்திப் பார்த்த என் மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“மாமா, தாம்பரம் வடதுருவத்துக்குப் போய்விட்டது!”

அட்சத்தையும் தீர்க்கத்தையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். 13 வடக்கு, 80 கிழக்கு என்பது 80 வடக்கு, 13 கிழக்கு ஆகிவிட்டது. நம் ஏரிகள் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே பனிக்கடலில் மிதந்தன. முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு நான் சிவப்பு மையில் திருத்திய பிழை அது.

அதைத் திருத்திய பின்னும் சாலைகள் இன்றைய சாலைகளோடு பொருந்தவில்லை. எல்லாம் ஒரே திசையில் ஏறத்தாழ 200 மீட்டர் விலகி நின்றன. காரணம் தேடியபோது நம் ஊரின் வரலாறே எதிர்ப்பட்டது. பூமி முழு உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. எவ்வளவு தட்டை என்பதற்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு கணக்கு. இந்தியாவின் பழைய தாள்கள் 1830-இல் எவரெஸ்ட் கணித்த வடிவத்தின்மேல் வரையப்பட்டவை. இன்றைய செயற்கைக்கோள்களின் கணக்கு வேறு. எவரெஸ்டின் கணக்குக்கு அடிப்படையான பேரளவையைத் தென்னாட்டில் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், 100 அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அவர் அளக்கத் தொடங்கினார். வேலை முடிய 57 நாள் ஆயிற்று. நாம் இன்று கூடியிருக்கும் புறநகரின் குறுக்கே அந்தச் சங்கிலி சென்றது. எவரெஸ்ட் என்ற பெயரைக் கட்டளையில் சேர்த்துத் தட்டச்சு செய்தேன். 200 மீட்டர் விலகல் மறைந்தது. பரங்கிமலையில் சங்கிலி பிடித்ததும் ஒரு படை. கிராஸை ஆக்கியதும் ஒரு படை. நில அளவை பெரும்பாலும் அதிகாரத்தின் கையிலேயே இருந்திருக்கிறது. அது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மேசைக்கு வந்திருப்பது சிறிய செய்தி அன்று.

இனித்தான் உண்மையான வேலை. பொருத்திய படத்தின்மேல் ஏரிகளை ஒவ்வொன்றாகக் கோட்டால் வரையவேண்டும். கிராஸில் இதைச் செய்யும் பகுதிக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் வி டிஜிட். கரையோரம் சுட்டியால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போகவேண்டும். எழுத்தாகவும் தரலாம்: எல்லைக்கு பி, ஒற்றைக் கோட்டுக்கு எல், நடுப்புள்ளிக்கு சி என்று குறித்து, அதன்கீழ் எண்களை அடுக்கினால் போதும். கால்வாயை வரையும்போது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரைய வேண்டும். வரைந்த திசையையே நீர் ஓடும் திசையாகக் கொள்ளலாம். சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஓர் ஏரியின் மிகைநீரை அடுத்த ஏரி வாங்கி, முடிவில் பள்ளிக்கரணைக் கழுவெளியில் சேர்க்கும் அமைப்பு நம்முடையது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம், கடல். இதைப் பலமுறை படித்திருக்கிறேன். கையால் வரைந்தபோதுதான், ஒன்றை விட்டால் அடுத்தது இல்லை என்பது உறைத்தது.

எல்லைக்கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து கூடவேண்டும் என்பது கிராஸின் கண்டிப்பான விதி. இமையளவு இடைவெளி இருந்தாலும் அது ஏரி ஆகாது; பரப்பளவு கேட்டால் விடை வராது. இப்படிப்பட்ட குறைகளைத் துப்புரவு செய்ய வி கிளீன் என்றொரு கட்டளை உண்டு. ஒரு முனை எதனோடும் சேராமல் தொங்கும் குட்டைக் கோடுகளை அது நீக்கிவிடும். எவ்வளவு குட்டை என்பதை நாம் சொல்லவேண்டும். பொறுமையிழந்து பெரிய எண்ணைக் கொடுத்தேன். பிழையெல்லாம் தீர்ந்தது என்று செய்தி வந்தது. மகிழ்ந்து பார்த்தால், இரண்டு ஏரிகளுக்கு நடுவே நான் வரைந்திருந்த வரத்துக்கால் ஒன்றைக் காணவில்லை. கீழ்முனையை ஏரியோடு சேர்க்க மறந்திருந்தேன். கணினி அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டது. நம் நகரம் பல ஆண்டுகளில் செய்ததை நான் ஒரு வரியில் செய்துமுடித்திருந்தேன். கட்டளை நோட்டில் இருந்ததால் மீண்டும் வரைய முடிந்தது. தரையில் மூடிய கால்வாய்க்கு அப்படியொரு நோட்டு இல்லை.

அன்பர்களே, இப்போது என் தெருவுக்கு வருகிறேன்.

நம் நாட்டு ஏரிக்குக் கரை ஒருபுறம்தான் உண்டு. தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி, மதகும் கலங்கலும் வைப்பார்கள். மறுபுறம் நிலம் மெல்ல மெல்ல உயரும். அங்கே நீர் எங்கே முடியும் என்பதை அந்தந்த ஆண்டின் மழைதான் முடிவு செய்யும். ஆகவே தாளிலும் கரைப்பக்கம் அழுத்தமான கோடு. மேற்பக்கம் விட்டுவிட்டு வரைந்த மெல்லிய கோடு. ஐப்பசியில் நீர் நிற்கும் அந்த இடத்தில் சித்திரையில் மாடு மேயும். வீட்டுமனை பிரிப்பவர் வந்து நிற்பதும் அந்தப் பக்கத்தில்தான். சித்திரையில் மனை பார்க்கப் போகிறவர் கண்ணுக்கு அது வெறும் நிலம்.

ஓர் ஏரியின் மேற்பக்கத்தை வரைந்துகொண்டிருந்தேன். அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அங்கே குடியிருப்போர் என் அயலார். இன்றைய தெருக்களை மெல்லிய கோடுகளாக மேலே போட்டிருந்தேன். எல்லையை அழகாக மூடினேன். மறுநாள் சரிபார்க்க வந்த மருமகள் திரையை நெடுநேரம் பார்த்தாள்.

“மாமா, தாளில் கோடு இங்கே இல்லையே? நீங்கள் உள்ளே தள்ளி அல்லவா வரைந்திருக்கிறீர்கள்?”

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. விட்டுவிட்டு வரைந்த கோடு என் தெருவுக்கு அப்பால் சென்றது. நான் வைத்த புள்ளிகளோ தெருவுக்கு இப்பால் ஒதுங்கி, அதை ஏரிக்கு வெளியே விட்டு வளைந்திருந்தன. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். பொய் சொல்லவேண்டும் என்று எண்ணி வைத்தவை அல்ல. கை தானாகவே விலகியிருந்தது. ஆனால் கோடு என்னவோ பொய்க்கோடுதான்.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கி மறுநாள் காலைவரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர். மூன்று நாள் மாடியில் இருந்தோம். அதைப் பற்றித்தான் அன்று கவிதை வாசித்தேன். மழையைக் கொள்ளைக்காரன் என்றேன். அழையாமல் வந்தவன் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கவிதையில் ஏரி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கணினியில் என் கை செய்ததை, என் பேனா அதற்கு முன்பே செய்திருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கோட்டின் தடிப்பே தரையில் 19 மீட்டர். என் வீடு உள்ளே, எதிர்வீடு வெளியே என்றெல்லாம் அந்தத் தாளால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு வருவாய்த் துறையின் புல வரைபடமும் பதிவேடும் வேண்டும். நிறைந்த ஆண்டில் நீர் எங்கள் தெருப்பக்கம் வந்து நிற்கும் என்பதை மட்டும் தாள் சொல்கிறது. எனக்கு அது போதும்.

புள்ளிகளை அழித்துவிட்டு, தாளில் உள்ளபடி வரைந்தேன். அட்டவணையில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தேன். அதில், இந்தப் பக்கம் தாளிலேயே உறுதியில்லாத கோடு, மழைக்கேற்ப மாறும் என்று எழுதினேன். கணினி மூடிய கோட்டைத்தான் ஏற்கும். எந்த இடத்தில் ஐயத்தோடு மூடினோம் என்பதைச் சொல்லிவைப்பது வரைந்தவன் கடமை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அட்டவணையில் பெயர் என்று ஒரு பத்தி உண்டு. அதில் பல கட்டங்கள் இன்னும் காலியாக உள்ளன. தாளில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருப்பதால் லகரமும் ளகரமும் ஒரே உருவில் நிற்கின்றன. ழகரத்துக்கும் தனிச் சுவடில்லை. புழுதிவாக்கம், உள்ளகரம், மூவரசம்பட்டு, ராஜகீழ்ப்பாக்கம் ஆகிய பெயர்களை நாம் சரியாக எழுதிவிடுவோம். ஆனால் இந்த மதகுக்கு என்ன பெயர், அந்தத் தாங்கலை என்னவென்று அழைத்தார்கள் என்பது ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கே தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 1,247.54 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு உலகப் பட்டியலில் இடமுண்டு. சிறு ஏரிகளுக்கும் கால்களுக்கும் நம்மை விட்டால் யாருமில்லை. வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நடந்து, முதியவர் ஒருவரிடம் கேட்டு, பெயர்களைச் சரியான எழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். தட்டச்சு செய்வது என் பொறுப்பு.

அந்தக் கவிதையை நான் திரும்பப் பெறுகிறேன். இந்த மலரில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று தொகுப்பாளரிடம் கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒதுக்கிய பக்கத்தில் இந்த உரையை இடுவதாகச் சொல்லியிருக்கிறார்.