சிலுவை யார் தோளில்?

(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உலகின் பல பகுதிகளில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்படுகிறார்கள் என்பது உண்மை. 2014-இல் ஈராக்கின் மோசூல் நகரில் ஐ.எஸ். கும்பல் கிறிஸ்தவர் வீடுகளில் ‘நூன்’ என்ற அரபு எழுத்தைப் பொறித்தது. மதம் மாறு, வரி கட்டு, வெளியேறு, இல்லையேல் சாவு என்று மிரட்டியது. 2019 ஈஸ்டர் நாளில் இலங்கையில் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் வெடித்த குண்டுகளுக்கு 250-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். இவற்றைக் கண்டிக்காதவன் ஜனநாயகவாதி அல்ல.

ஆனால் தூரத்துக் கொடுமைக்குக் கண்ணீர் விடும் சிலர், உள்நாட்டுக் கொடுமை என்றதும் வாயை மூடிக்கொள்கிறார்களே, ஏன்? 1999 ஜனவரியில் ஒரிஸ்ஸாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்த கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறுவர்களும் வண்டிக்குள் வைத்து உயிரோடு எரிக்கப்பட்டார்கள். 2008 ஆகஸ்டில் சாமியார் லட்சுமணானந்தர் கொல்லப்பட்டார். கொன்றது நாங்களே என்று மாவோயிஸ்டுகள் சொன்னார்கள். இருந்தும் பழி கிறிஸ்தவர்கள் மீது விழுந்தது. கந்தமாலில் வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. சுமார் 50,000 பேர் காட்டுக்கும் முகாம்களுக்கும் ஓடினார்கள். அவர்கள் யார்? பெரும்பாலும் பானோ ஜாதித் தலித்துகள், கந்தா பழங்குடிகள். அடி விழுந்தது ஏழைகள் முதுகில்தான்.

அதே 2008-ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று, உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூரில் என்ன நடந்தது? அது இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர். அங்கே வெளியிலிருந்து எந்த மதவெறிக் கும்பலும் வரவில்லை. ஒரே கோயில், ஒரே ஜெபமாலை மாதா. ஆனால் தலித் கிறிஸ்தவனுக்குத் தனி இடம், தனி இடுகாடு, பிணம் போகத் தனி வழி! இந்த அவமானம் போதும், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். ஆதிக்க ஜாதிக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டார்கள். தாக்கியவரும் கிறிஸ்தவர், தாக்கப்பட்டவரும் கிறிஸ்தவர். மதம் மாறியது, ஜாதி மாறவில்லை.

ஜாதி மாறவில்லை என்பது எறையூர்க்காரனுக்குத் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை! 1950-ஆம் ஆண்டின் ஜனாதிபதி உத்தரவு, இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இல்லை என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். இந்தத் தடையை நீக்கும்படி 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சொல்லிவிட்டது. இடஒதுக்கீடு மட்டுமா பறிபோகிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. தனித் தொகுதியில் போட்டியிடும் உரிமையும் போகிறது. அடிப்பவன் மதம் பார்த்து அடிப்பதில்லை. பாதுகாக்க வேண்டிய சட்டம் மதம் பார்க்கிறது.

கல்வராயன் மலையைப் பாருங்கள். அங்குள்ள மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் மலைவாசி மலைவாசியே. இது நியாயம். ஆனால் மதம் மாறிய பழங்குடிகளைப் பட்டியலிலிருந்து நீக்கு என்று வடக்கே ஜனஜாதி சுரக்ஷா மஞ்ச் கூச்சலிடுகிறது. சமவெளித் தலித்துக்கு நேர்ந்த அநீதியை மலைக்கும் ஏற்றப் பார்க்கிறார்கள். மலைவாழ் நண்பர்கள், எந்த மதத்தவராயினும், இதை இன்றே உணர வேண்டும். இன்று ஒருவன் சான்றிதழ் பறிபோனால், நாளை அவன் அண்ணன் தம்பியின் ஒற்றுமையும் போகும்.

நாம் கேட்பது மூன்று. வழிபாட்டுத் தலத்தைத் தாக்குபவன் எவனாயினும் தண்டிக்கப்பட வேண்டும். 1950 உத்தரவின் மதத் தடை நீக்கப்பட வேண்டும். கோயிலிலும் இடுகாட்டிலும் ஜாதிச் சுவரைத் திருச்சபை தானே இடிக்க வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கேட்பது நேர்மையல்ல. முதலாவதை மறுத்துவிட்டு மூன்றாவதைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்வது அதைவிடக் கேடு. மூன்றையும் சேர்த்துக் கேட்போம், ஊர் ஊராகச் சென்று கேட்போம்!