ஈடு கேளாத கடன்

1974 ஆம் ஆண்டிற் பங்களாதேசத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அக்காலத்திற் சிட்டகொங் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த முகம்மது யூனுஸ், அயற்கிராமமாகிய ஜோப்ராவின் வறுமைக்குக் காரணம் தேடினார். அங்கே மூங்கில் முக்காலி செய்த ஏழைப் பெண்ணுக்குக் கைத்திறன் இருந்தது. மூங்கில் வாங்க முதல் இருக்கவில்லை. முதல் கொடுத்த வியாபாரியே, தான் குறித்த விலைக்கு முக்காலியையும் பெற்றுக்கொண்டான். இவ்வாறு கடன்பட்டோர் 42 பேர். அவர்களுக்கு வேண்டிய தொகையோ 856 டாக்கா மட்டுமே! 1976 இல் யூனுஸ் அதனைத் தம் பணத்திலிருந்தே கொடுத்தார்.

இம்முயற்சி வளர்ந்து 1983 இற் கிராமின் வங்கியாயிற்று. காணியோ நகையோ ஈடாகக் கேட்கப்படவில்லை. ஐவர் கொண்ட குழுவின் நம்பிக்கையும் வாரந்தோறும் செலுத்தும் சிறு தவணையுமே பிணையாயின. கடன் பெற்றோரிற் பெரும்பாலோர் பெண்கள். 2006 இல் யூனுசுக்கும் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

ஆயினும், குழுவின் துணை சில வேளைகளில் நெருக்குதலாகவும் மாறியது. ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் பெற்றோரும் உளர். நுண்கடன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த அந்நாடு 2006 இற் சட்டமியற்றியது. தொழிலுக்கு முதலாகும் கடன் தன்னைத் தானே தீர்க்கக்கூடும். பசிக்கு வாங்கிய கடனுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே, கொடுத்த தொகையை மட்டுமன்றி, தவணை செலுத்தியபின் ஏழையின் வீட்டில் எஞ்சுவதையும் கணக்கிடுதலே முறையாகும்.