பின்வரிசையில் உட்கார்ந்தவர்: மேக்ஸ் ரோச்

(வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1961 மே 19ஆம் தேதி இரவு. நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மைல்ஸ் டேவிஸ் கச்சேரி. ஆப்பிரிக்காவுக்கு மருத்துவ உதவி செய்யும் அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்டத்தான் அந்த நிகழ்ச்சி. மைல்ஸ் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வருகிறார், மேடையின் முன்விளிம்பில் உட்காருகிறார், கையிலிருந்த அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார். ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கர்களுக்கே என்று அதில் எழுதியிருக்கிறது. மைல்ஸ் வாசிப்பை நிறுத்திவிட்டு மேடையை விட்டுப் போய்விடுகிறார். அட்டை பிடித்தவரை வெளியேற்றிய பிறகுதான் கச்சேரி தொடர்கிறது.

அட்டை பிடித்தவர் யாரோ ஒரு ரசிகர் இல்லை. மைல்ஸின் பழைய நண்பர். இருவரும் இருபது சொச்சம் வயதில் சார்லி பார்க்கரின் குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். அவர் பெயர் மேக்ஸ் ரோச், டிரம்ஸ் கலைஞர். நிதி பெறும் அந்த அமைப்பு ஆப்பிரிக்க விடுதலைக்கு எதிரான நலன்களோடு கைகோத்திருக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. லுமும்பா கொல்லப்பட்ட செய்தி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி வந்ததும் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குள் புகுந்து குரலெழுப்பிய கறுப்பினப் பெண்களில் பாடகி ஆபி லிங்கனும் மாயா ஏஞ்சலோவும் இருந்தார்கள். ஆபி பிறகு ரோச்சை மணந்தவர்.

இந்தச் சம்பவத்தோடு தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஜாஸ் மேடையில் டிரம்ஸ் கலைஞரின் இடம் பின்வரிசை. பாடகர் முன்னால், டிரம்பெட்டும் சாக்சஃபோனும் அடுத்து, எல்லாருக்கும் பின்னால் இவர். உங்கள் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டால், நான்கு இசைக்கலைஞர்களும் ஒரு டிரம்மரும் என்று பதில் சொல்லும் நக்கல் இன்றும் புழங்குகிறது. தாளம் போடுபவன் உழைப்பாளி, ராகம் போடுபவன்தான் கலைஞன் என்பது அதன் பொருள். ரோச் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்தக் கணக்கோடுதான். கார்னகி ஹாலில் டிரம்ஸ் இல்லாமலே வந்து முன்னால் உட்கார்ந்தது அதில் ஒரு பகுதி மட்டும்.

அவர் 1924 ஜனவரியில் வடக்கு கரோலினாவின் நியூலேண்டில் பிறந்தார். பக்கத்திலேயே கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப் என்ற பெரிய சதுப்புக் காடு. அடிமைகளாக இருந்தவர்கள் தப்பியோடித் தலைமுறை தலைமுறையாக மறைந்து வாழ்ந்த இடம் அது. நான்கு வயதில் குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கே கிளம்பிய காலம். அம்மா தேவாலயத்தில் காஸ்பல் பாடுபவர். பத்து வயதுக்குள் பையன் காஸ்பல் குழுக்களுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

இங்கே ஒரு பழைய செய்தி. 1739இல் தெற்குக் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தார்கள், மேளம் அடித்துக்கொண்டே ஃப்ளோரிடாவை நோக்கி நடந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு ஆண்டே ஒரு சட்டம் வந்தது: அடிமைகள் மேளமோ கொம்போ வைத்திருக்கக் கூடாது. மேளம் ஆள் திரட்டும் என்பது எஜமானர்களுக்குப் புரிந்துவிட்டது. கருவியைப் பிடுங்கியபோது தாளம் கைதட்டலுக்கும் பாதத்துக்கும் இடம் மாறியது.

அடுத்து நான் பறைக்கு வருவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே அடிக்காதே என்று சட்டம் போட்டார்கள். இங்கே நீதான் அடிக்க வேண்டும், சாவுக்கு வந்து அடி என்று சாதி விதித்தது. இரண்டும் எதிரெதிர் வடிவங்கள். அந்த வேறுபாட்டை அழித்துவிட்டு நாம் பேசினால் இரண்டு வரலாற்றுக்கும் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். மேலே போவோம்.

டிரம்ஸ் செட் என்பது ஒரே கருவி இல்லை. வலது காலுக்குப் பெரிய பேஸ் டிரம், இடது காலுக்கு மூடித் திறக்கும் ஹை-ஹாட், கைகளுக்கு ஸ்னேர், டாம்கள், சிம்பல்கள். முப்பதுகளின் ஸ்விங் இசை நடனத்துக்கான இசை. ஒரு சுற்றுக்கு நான்கு அடி என்று பேஸ் டிரம் விடாமல் இடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆடுபவர்களின் கால் தவறாமல் இருக்க. ஜோ ஜோன்ஸ் அந்தக் காலக்கணக்கை ஹை-ஹாட்டுக்கு நகர்த்தினார். கென்னி கிளார்க் அதை வலது கைக்குப் பக்கத்தில் தொங்கும் ரைட் சிம்பலுக்குக் கொண்டுபோனார். காலம் மேலே, சிம்பலில், மெல்லிய சலசலப்பாக ஓடும். பேஸ் டிரம்முக்கு விடுதலை கிடைத்தது. வேண்டிய இடத்தில் மட்டும் குண்டு போல விழும்.

ரோச் கிளார்க்குக்குப் பத்து வயது இளையவர். ஹார்லெமில் மின்டன்ஸ், மன்றோஸ் ஆகிய விடுதிகளில் இரவு முழுக்க நடந்த வாசிப்புகளில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் டியூக் எலிங்டனின் குழுவில், வர முடியாத டிரம்மருக்கு மாற்றாக உட்கார்ந்தவர். கிளார்க் திறந்த கதவு வழியே அவர் வெகுதூரம் போனார். 1945 நவம்பரில் பார்க்கர் பதிவுசெய்த ‘கோ-கோ’வைக் கேளுங்கள். அந்த வேகத்தில் அன்று யாரும் ஆடியிருக்க முடியாது. ரோச்சுக்கு வயது 21. பின்னால் காவல் நிற்கிறவர் போல இல்லாமல் பார்க்கரோடு வாக்குவாதம் செய்கிறவர் போல வாசிக்கிறார். டிரம்களைத் தனித்தனிச் சுருதிக்கு இறுக்கிவைத்து, தனி வாசிப்பில் பாடலின் உருவத்தையே அவற்றில் கொண்டுவருவது அவருடைய பழக்கம். பாட்டின் எந்த வரியில் இருக்கிறார் என்று கூடவே முணுமுணுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

பீபாப் என்ற இந்தப் புதிய இசை ஏன் பிறந்தது என்பதற்கு மேதைகளின் கதை மட்டும் போதாது. 1944இல் ஆட்டமும் பாட்டும் உள்ள விடுதிகளுக்கு அமெரிக்க அரசு 30 சதவீதம் வரி போட்டது. ஆட்டம் இல்லாமல் கருவி மட்டும் வாசித்தால் வரி இல்லை. உட்கார்ந்து கேட்கும் இசைக்கு இடம் உண்டானதில் இந்த வரிக்கும் பங்கு உண்டு என்று ரோச்சே பிற்காலத்தில் சொல்லி வந்தார். ஆராய்ச்சி மாணவன் என்பதால் எனக்கு இந்த மாதிரித் தகவல் என்றால் கொஞ்சம் அதிக மகிழ்ச்சி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் சம்பாதிக்கிறார்கள் என்பதிலும் அவர் தெளிவாக இருந்தார். 1952இல் சார்லஸ் மிங்கஸோடு சேர்ந்து ‘டெபியூ’ என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். 1960இல் நியூபோர்ட் விழாவின் ஊதியமும் நடத்தும் விதமும் பிடிக்காமல், அதே ஊரில், அதே நாட்களில் மிங்கஸும் ரோச்சும் போட்டி விழா நடத்தினார்கள். கலைஞர்களே நாற்காலி போட்டு, கலைஞர்களே வசூல் செய்த விழா.

இடையில் ஒரு பெரிய அடி. 1954இல் டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனோடு ரோச் ஒரு குழு அமைத்தார். 1956 ஜூனில் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் பிரவுனும் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் அவர் மனைவியும் இறந்தார்கள். பிரவுனுக்கு 25 வயது. ரோச் குடியிலும் மனச்சோர்விலும் விழுந்தார். அதிலிருந்து எழ வருடங்கள் ஆயின.

இப்போது நான் உண்மையில் பேச வந்த இசைத்தட்டு. ‘வீ இன்சிஸ்ட்! ஃப்ரீடம் நவ் சூட்’, 1960.

இதை முதலில் கேட்டது பல்கலைக்கழக விடுதியில், நண்பனின் ஹெட்போனில். நான்காவது நிமிடமோ என்னவோ, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். ஆபி லிங்கன் கத்திக்கொண்டிருந்தார். பாடவில்லை, கத்தினார். ஒரு நிமிடத்துக்கும் மேல். கூடவே டிரம்ஸ் மட்டும். இது இசையா என்று நண்பனைக் கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அமெரிக்காவில் அடிமை ஒழிப்புப் பிரகடனத்தின் நூறாம் ஆண்டு 1963இல் வரவிருந்தது. அதற்காக ரோச்சும் பாடலாசிரியர் ஆஸ்கர் பிரவுன் ஜூனியரும் ஒரு பெரிய படைப்பைத் திட்டமிட்டார்கள். ஆனால் 1960 பிப்ரவரி 1 அன்று வடக்கு கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவு மேடையில் போய் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்றது. நூற்றாண்டு விழா வரை யார் காத்திருப்பது? ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பதிவு முடிந்துவிட்டது. அட்டைப்படத்தில் அதே உணவு மேடை. மூன்று கறுப்பின ஆண்கள் உட்கார்ந்து திரும்பி நம்மைப் பார்க்கிறார்கள். பின்னால் வெள்ளைப் பணியாள்.

முதல் பாட்டு ‘டிரைவா மேன்’. தோட்டத்து அடிமைகளை வேலை வாங்கும் கங்காணியைப் பற்றியது. ஐந்து எண்ணிக்கைத் தாளம். ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணிக்கையிலும் ஓர் அடி விழுகிறது, பளீரென்று. அது சவுக்கு. அடுத்த நான்கும் அடுத்த அடிக்காகக் காத்திருக்கும் நேரம். கொடுமையை வர்ணிக்காமல் தாளத்தின் கட்டமைப்புக்குள்ளேயே வைத்துவிட்டார் ரோச். அதில் சாக்சஃபோன் வாசித்த கோல்மன் ஹாக்கின்ஸுக்கு வயது 55. அந்தக் கருவிக்கே தகப்பன் போன்றவர். வாசிப்பில் ஓர் இடத்தில் சுரம் பிசிறிவிட்டது. திருத்தலாம் என்றபோது அவர் மறுத்துவிட்டார். இந்த மாதிரி ஒன்றில் எல்லாம் சுத்தமாக அமைந்துவிட்டால் அதுதான் தப்பு என்பது அவர் வாதம். பிசிறு இன்றும் அப்படியே இருக்கிறது.

கடைசிப் பாட்டு ‘டியர்ஸ் ஃபார் ஜோஹன்னஸ்பர்க்’. தென்னாப்பிரிக்க அரசு இந்த இசைத்தட்டைத் தடை செய்தது.

கொண்டாடிவிட்டு மட்டும் போக முடியாது. படைப்பை எப்படி முடிப்பது என்பதில் ரோச்சுக்கும் பிரவுனுக்கும் தகராறு. பிரவுனின் சொற்கள் அவர் விருப்பத்துக்கு மாறாக மாற்றி அடுக்கப்பட்டன. அவருக்கு அது வலித்தது. அந்தக் கதறலும் தன் யோசனை இல்லை, ரோச்சுடையது என்று ஆபி லிங்கன் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் விலை கொடுத்தது யார்? அடுத்த ஆண்டு வந்த ஆபியின் ‘ஸ்ட்ரெய்ட் அஹெட்’ இசைத்தட்டை விமர்சித்த ‘டவுன்பீட்’ இதழின் வெள்ளையின விமர்சகர், அவர் கறுப்பர் என்பதையே தொழிலாக்கிக்கொண்டவர் என்ற பொருள்பட எழுதினார். இந்த வாக்கியத்தை வேறு வடிவத்தில் இந்த அறையில் பலர் கேட்டிருப்பீர்கள். 1962இல் அதே இதழ் ஜாஸில் இனப் பாகுபாடு குறித்து ஒரு விவாதம் நடத்தியது. ரோச்சும் ஆபியும் விமர்சகரின் எதிரே உட்கார்ந்து நேருக்கு நேர் கேட்டார்கள். அதன் பிறகு ஆபி பாடகியாகத் தன் பெயரில் இசைத்தட்டு வெளியிடப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. பெண்ணின் தொண்டையில் ஏற்றப்பட்ட எதிர்ப்புக்கு ஆண் கலைஞரைவிட அந்தப் பெண் அதிகம் கட்டணம் கட்டினார் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். ரோச்சை நேசிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

ரோச்சுக்கும் அறுபதுகள் எளிதாக இல்லை. சமூகப் பொருள் இல்லாத எதையும் இனி வாசிக்க மாட்டேன் என்று அறிவித்தவரைத் தேடி எந்த நிறுவனம் வரும்? 1970இல் தாளக்கருவிகள் மட்டுமே கொண்ட ‘எம்பூம்’ என்ற குழுவைத் தொடங்கினார். 1972 முதல் ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ‘ஜாஸ்’ என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. விபச்சார விடுதிகளின் வாடையோடு வெளியார் ஒட்டிய பெயர், அந்தப் பெயரைக் காட்டித்தான் கூலியைக் குறைக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

எண்பதுகளில் ஹிப்-ஹாப் வந்தபோது அவர் தலைமுறைக் கலைஞர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ரோச் ராப் பாடகர் ஃபேப் ஃபைவ் ஃப்ரெடியோடும் பிரேக் டான்ஸ் பையன்களோடும் மேடை ஏறினார். பள்ளிகளிலிருந்து இசை வகுப்பை எடுத்துவிட்டார்கள், கருவி இல்லாத பிள்ளைகள் கிடைத்த இசைத்தட்டு சுழலியையே கருவியாக்கிக்கொண்டார்கள், இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்ற பார்வை அவருடையது. ஸ்டோனோவுக்குப் பிறகு கைதட்டலுக்கு மாறிய தாளத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1988இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 2007 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கில் இறந்தார்.

நேரம் ஆகிவிட்டது. ஒன்றை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். ‘தி டிரம் ஆல்சோ வால்ட்ஸஸ்’, 1966. வேறு கருவியே கிடையாது, ஒரு ஆள், ஒரு டிரம்ஸ் செட், மூன்றரை நிமிடம். முதலில் கால்களைக் கவனியுங்கள்: பேஸ் டிரம் ஒன்று, ஹை-ஹாட் இரண்டு, மூன்று. அது கடைசி வரை மாறாது. அது பழகிய பிறகு கைகள் என்ன பேசுகின்றன, எங்கே பேசாமல் இருக்கின்றன என்று கேளுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்குக் கேட்கவில்லை என்றால் முன்னால் வந்துவிடுங்கள், இங்கே இடம் இருக்கிறது.