தீர்ப்புச் சொல்லுமுன்

(உடுமலைப்பேட்டை ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பக்கத்துக் கிணற்றிலோ பி.ஏ.பி. வாய்க்காலிலோ ஓர் உடல் மிதந்தால், போலீசார் வருமுன்னே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: தற்கொலை, கொலை, இல்லாவிட்டால் பேய். இவையன்றி வியாதியும் ஒரு காரணமாகலாம்.

2013-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கனடா நாட்டு மாணவி எலிசா லாம், 21 வயது, தாம் தங்கிய ஓட்டலின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இறந்து கிடந்தார். உலகமெங்கும் வதந்தி பரவியது. பிரேத பரிசோதனை அதிகாரிகளோ, தவறுதலாக நீரில் மூழ்கிய மரணம் என்றும், அவருக்கிருந்த இருதுருவ மனநோய் அதற்குத் துணைக்காரணம் என்றும் முடிவு செய்தார்கள்.

இந்நோயில் மனம் சில காலம் சோர்ந்து கிடக்கும்; சில காலம் உறக்கமின்றிப் பரபரக்கும். பரபரப்பு முற்றினால் ஆபத்து ஆபத்தாகத் தெரியாது. யாரோ துரத்துவதாகவும் தோன்றலாம். சாக நினையாமலே ஒருவர் இறந்துபோகக்கூடும். சோர்வில் தற்கொலை எண்ணம் வருவதும் உண்மையே. நடந்தது எதுவென்று விசாரணைதான் சொல்லவேண்டும். நோயைக் காட்டி விசாரணையை மூடிவிடவும் கூடாது.

ஆகவே, வீட்டில் ஒருவர் இரவெல்லாம் உறங்காமல் பரபரத்தால், மந்திரிக்க அலையாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குணமானதாக எண்ணி மாத்திரையைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். அரசின் 14416 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

துக்க வீட்டில் காரணம் கேளாதிருங்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்காதிருங்கள்.