ஒருவருக்கு என்றால் குடும்பத்துக்கே பரிசோதனை
(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நாற்பது வயதுக்குள் ஒருவர் மாரடைப்பில் மவுத்தானால், "ஹயாத் அவ்வளவுதான்" என்கிறோம். அது உண்மை. ஆனால் அவருடைய தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பார்ப்பது நம் கடமை. நெய்ச்சோறும் கறியும் மட்டும் காரணமல்ல. பிறவியிலேயே வரும் குறை ஒன்று உண்டு.

நம் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். கப்பல் அணையத் தளம் இருந்தால்தான் சரக்கு இறங்கும். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் கப்பல் எல்.டி.எல். கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகளே அது அணையும் தளங்கள். தளம் பழுதானாலும், கப்பலைத் தளத்தோடு பிணைக்கும் புரதம் பழுதானாலும் சரக்கு இறங்காது. உள்ளே வரத்து இல்லாததால் கல்லீரல் தானே மேலும் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது. வெளியே தேங்கியது இதய இரத்தக் குழாயில் படிகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த அமெரிக்க மருத்துவர்கள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் சிறு வயதிலேயே மாரடைப்பு வரலாம். லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து 1964இல் இதை விளக்கினார் பெய்ரூத் மருத்துவர் கச்சதூரியன். அங்கும் சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்வது வழக்கம். மார்க்கம் அனுமதித்ததைத் தடுக்கச் சொல்லவில்லை. முன்கூட்டியே பரிசோதிக்கச் சொல்கிறேன்.

குதிகால் நரம்பு தடிப்பது, முழங்கையில் மஞ்சள் கட்டி, 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் ஆகியவை அடையாளங்கள். பலருக்கு எதுவும் தெரியாது. இரத்தப் பரிசோதனைதான் வழி. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். எல்.டி.எல். பெரியவர்களுக்கு 190, பிள்ளைகளுக்கு 160 தாண்டினால் டாக்டரிடம் இந்தக் குறையைப் பற்றிக் கேளுங்கள்.

பத்தியம் மட்டும் போதாது. ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலின் உற்பத்தியைக் குறைக்கும். அப்போது கல்லீரல் தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து எடுக்கக் கூடுதல் தளங்களைத் திறக்கும். அளவு குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பெண் கேட்டு வருபவர்கள் என்ன நினைப்பார்களோ என்று மறைக்காதீர்கள். கொழும்பிலும் வளைகுடாவிலும் உள்ள உங்கள் சகோதரர்களுக்கும் இன்றே சொல்லுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும் ஆரோக்கியத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.