சிக்கனம் யார் வீட்டுக் குழாயில்?

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. 2015-இல் ஜொகூரில் அணைகள் வற்றிப் பங்கீட்டு முறையில் தண்ணீர் விட்டார்கள். மறு ஆண்டில் லிங்கியு நீர்த்தேக்கம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. அப்பொழுது நான் இருந்த தோட்டத்தில், லயத்துக் குழாயடியில் 'தண்ணீரை வீணாக்காதீர்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தக் குழாயில் தண்ணீர் வந்ததே நாளுக்கு இரண்டு மணி நேரம்! பங்களாவின் பூந்தோட்டத்தில் நோட்டீஸ் எதையும் நான் காணவில்லை.

அக்கரைச் சிங்கப்பூரைப் பாருங்கள். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் எடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அப்படியிருந்தும் தண்ணீருக்குச் சிக்கன வரி போட்டார்கள். 2017, 2018 இரண்டு தவணைகளில் கட்டணத்தை 30 விழுக்காடு ஏற்றினார்கள். 2003-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 165 லிட்டராக இருந்தது, 2023-இல் 141-க்கு வந்தது. 2030-க்குள் 130 ஆக்குவது அவர்கள் குறி.

நம் நாட்டிலோ ஆளுக்கு 200 லிட்டருக்கு மேல் ஆகிறது. அதுபோக, சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசிவு முதலியவற்றால் கணக்கில் வராமலே போகிறது. வாளி ஓட்டையாயிருக்க, பால் குறைகிறதென்று மரம் வெட்டுகிறவனைக் கேட்டால் ஒப்புவோமா?

லயத்தில் இருப்பவருக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. லயத்தை விட்டு மலிவு விலை வீடுகளுக்குப் போய்விட்ட நம் குடும்பங்கள்தாம் மீட்டருக்குப் பணம் கட்டுகின்றன. 2024 பிப்ரவரியில் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 காசு ஏறியது. முதல் 20 கன மீட்டருக்கு ஒரு விலை, 35 வரை கூடுதல் விலை, அதற்கு மேல் இன்னும் கூடுதல். நிறையச் செலவழிப்பவன் நிறையக் கட்டட்டும் என்பது நியாயமான ஏற்பாடுதான். கிராணி அல்லவா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர்க் குறிப்படி ஆளுக்கு 130 லிட்டர் என்றால், ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 19,500 லிட்டர். முதல் படிக்குள் அடங்கும். பாட்டி, பேரப்பிள்ளைகளோடு எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கு 31,200 லிட்டர். இரண்டாம் படிக்கு ஏறிவிடும். அந்த வீட்டில் ஒருவரும் ஒரு சொட்டு அதிகம் செலவழிக்கவில்லை. மீட்டருக்குத் தலை எண்ணத் தெரியாது, அவ்வளவுதான்.

பெரிய செலவாளிகளையும் கட்டுப்படுத்த முடியும். கணினி இயந்திரங்களைக் குளிரவைக்க ஏராளமாகத் தண்ணீர் கேட்கும் தரவு மையங்கள் ஜொகூரில் பெருகியதும், 2024-இல் மாநில அரசு அவற்றுக்கென ஒரு குழு அமைத்து, வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தள்ளிவிட்டது. கோடீஸ்வரக் கம்பெனியின் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்க நேரம் இருந்தவர்களுக்கு, எட்டுப் பேர் வீட்டின் பில்லைப் படிக்கவும் நேரம் இருக்க வேண்டும்.

முதல் படியை ஆள் கணக்கில் வைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெறும் பேச்சாகப் போனால் எடுபடாது. வீட்டுக்கு எத்தனை பேர், மாதம் எத்தனை கன மீட்டர் என்று பில்லைப் பார்த்து எழுதிவர, வரும் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வேண்டும். நோட்டுப் புத்தகம் நான் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.